பள்ளத்தைப் பார்த்திருந்த பூட்ஸ்

இது நடந்த வரிசையைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஹெலிகாப்டர் முதலில் வந்ததா, மோப்ப நாய்கள் முதலில் வந்தனவா என்பதில் எனக்கும், அங்கே என் விடுதியில் இருந்த ரேடியோ அக்காவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அக்கா சொல்லும் கதையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் வரும். என் கதையில் ஒன்று. ஆனால் அந்த நேரம் முழுக்க நான் தரைக்குக் கீழே ஒரு அறையில் இருந்தேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. ஆக, என் ஞாபகம் என்று நான் நினைப்பதில் பாதி, அக்கா சொல்லிச் சொல்லி எனக்குள் போனது. அவள் சேர்த்ததைக் கழித்துவிட்டு எழுதுகிறேன். எவ்வளவு கழிப்பது என்பதுதான் தெரியவில்லை.

நான் அந்த மலைநாட்டுக்குப் போனது நிலச்சரிவைப் பற்றிப் படிக்க. எங்கள் ஊரில் மேடு என்று சொல்லத்தக்கது பள்ளிக்கூட வாசலில் போட்ட வேகத்தடை ஒன்றுதான். மொட்டை மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவரைவிட்டுத் தள்ளி, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். இப்படிப்பட்டவன் விமானம் ஏறிப் போய் மலையைப் படிப்பதில் உள்ள பொருத்தம் உறவினர் எல்லாருக்கும் உடனே பிடிபட்டது.

"மலை விழுந்தா ஓடணும். இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

"விழுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்ல அண்ணி" என்றாள் அம்மா, எனக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்து.

"இவன் தெரிஞ்சுக்கிட்டு? வாயைத் திறந்து யார்கிட்ட சொல்லப்போறான்?"

அத்தை கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டில் எனக்குப் பெயர் ஊமைக்கோட்டான். எனக்குப் பேச வரும். பேசுவதற்கு முன்னால், இது பேசியே தீர வேண்டியதா என்று ஒருமுறை யோசிப்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் முடியும். அதற்குள் மற்றவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

ஒரு மலைச்சரிவு விழுவதற்கு வெகுகாலம் முன்பே உள்ளுக்குள் முனகத் தொடங்கலாம் என்றும், கருவி வைத்து அதைக் கேட்கிறார்கள் என்றும் எங்கோ படித்திருந்தேன். பேசாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதற்கு ஒரு பட்டம் தருகிறார்கள் என்று தெரிந்தபோது, உலகம் ஒருவழியாக என்னைக் கவனித்துவிட்டதாக நினைத்தேன். அது உண்மைதான். கொஞ்சம் அதிகமாகவே கவனித்துவிட்டது.

முதல் சில நாட்கள் சொர்க்கம். எனக்குக் கிடைத்த விடுதி அறையின் ஜன்னல் முழுவதையும் மலை அடைத்திருந்தது. வானம் பார்க்க வேண்டுமென்றால் தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே சூடு தரும் இரும்புக் குழாய் டிக் டிக் என்று எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. லிஃப்டில் ஏறினால் எல்லாரும் லிஃப்டின் கதவையே ஆழ்ந்து படித்துக்கொண்டு வந்தார்கள். பொதுச் சமையலறையில் ஒருவர் பாத்திரம் கழுவ, இன்னொருவர் காத்திருக்க, ஒரு சொல் இல்லை. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ஏன் இளைத்துவிட்டாய், ஒன்றுமே இல்லை. இத்தனை மரியாதை தெரிந்த மக்களை நான் கண்டதில்லை.

ஒரு நுணுக்கம்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த ஊர்க்காரன் பேசாமல் இருந்தால் அது அவன் சுபாவம். வெளியூரிலிருந்து வந்தவன் பேசாமல் இருந்தால் அது நோயின் அறிகுறி.

புதிய மாணவர்களைக் கலகலப்பாக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். வட்டமாக நிற்க வேண்டும். ஒரு பந்து வரும். பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான தருணத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வீச வேண்டும். என்னிடம் வந்தது. நான் யோசித்தேன். மிக மகிழ்ச்சியானது என்றால் மற்ற எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும். அதைத்தான் நேர்மையாகச் செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வட்டத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பந்தைப் பக்கத்திலிருந்தவர் கையில் மெதுவாக வைத்தேன். அப்படிச் செய்ய அந்த விளையாட்டில் இடமில்லையாம்.

மறுநாளே மாணவர் நல ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். அறையில் உட்கார்ந்தால் எழ முடியாத நாற்காலிகள், ஒரு தொட்டிச் செடி, கண் துடைக்கக் காகிதம் வைத்த ஒரு பெட்டி. சுவரில் கடற்கரைப் படம். மலையைப் பார்த்து வாடியவர்களுக்காக இருக்கும்.

"உங்களுக்குள்ள என்ன நடக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை."

"அந்த ஒண்ணுமில்லைங்கிறது எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பதில் யோசித்தேன். யோசித்துக்கொண்டிருந்த நேரத்தை அவர் குறித்துக்கொண்டார்.

"ஊர்ல யாரைத் தேடுது?"

"யாரையும் இல்லை" என்றேன். குறித்துக்கொண்டார். தவறான பதில் போலிருக்கிறது என்று, "எல்லாரையும்" என்று மாற்றினேன். அதையும் குறித்துக்கொண்டார்.

அவர் கெட்டவர் அல்ல. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். நம்மைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவரை என்ன செய்வது? விஷயத்தை அவர் தெளிவாகச் சொன்னார். எங்கள் படிப்பில் முக்கால்வாசி மலைமேல் நடக்கும். மலைமேல் தனியாக இருக்க மனம் உறுதியாக உள்ளவர்களுக்குத்தான் அனுமதி. அந்த அனுமதியைத் தருவது அவர். அவர் தராவிட்டால் மலை இல்லை. மலை இல்லாவிட்டால் படிப்பு இல்லை. படிப்பு இல்லாதவருக்கு அந்த நாட்டில் தங்க அனுமதி இல்லை. எல்லாம் என் நன்மைக்காகத்தான் என்று முடித்தார்.

ஆக, கலகலப்பாக இருக்கத் தெரியாத குற்றத்துக்காக நான் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படலாம். வந்த இடத்தில் முதல்முறையாக எதையோ கேட்கப்போகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு இது நல்ல வரவேற்பு.

"ஏன்டா தம்பி, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் ரேடியோ அக்கா. என் அறைக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தாள். அந்த வளாகத்தில் எனக்குத் தெரிந்து நம் மொழி பேசியது அவள் ஒருத்திதான். ஆனால் பத்துப் பேர் பேச வேண்டியதை அவளே பேசியதால் ஆள் குறைவு தெரியவில்லை. பனிப்பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பனிப்பாறைகள் பின்வாங்குகின்றன என்று அவள் விளக்கியபோது, நான் காரணம் கேட்கவில்லை.

"அவங்க கேட்டா ரெண்டு வார்த்தை எடுத்து விடேன். வெதர் நல்லாருக்கு, மலை சூப்பரா இருக்கு, எனக்கு ஃப்ரெண்ட்ஸ்னா உயிரு. என்ன போச்சு?"

"ம்."

"இந்த ம்முக்கு அந்தம்மா ஒரு பக்கம் எழுதுவாங்க, தெரியுமா?"

அனுமதி தருவதற்கு முன், புதியவர்கள் எல்லாரையும் ஒருநாள் சும்மா மேலே அழைத்துப்போய்க் காட்டுவது வழக்கம். எங்கள் பேராசிரியருக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் வரையாடு. செங்குத்தான பாறையில் அவர் நிற்கும் விதமும் அந்தத் தாடியும் அப்படி. அவர் முன்னால் துள்ளிக்கொண்டு போக, நான் எனக்கு முன்னால் போனவளின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். இரண்டு பக்கமும் உலகப் புகழ்பெற்ற காட்சிகள் இருந்தனவாம். குதிகாலும் பரவாயில்லை. என் பூட்ஸ் புதிது. மாட்டுக்கு லாடம் அடித்ததுபோல இருந்தது. மேலே போய்ச் சேர்வதற்குள் இரண்டு பாதங்களிலும் கொப்புளம்.

மேலே ஒரு மரக் குடில். முன்வாசலில் பலகை போட்ட குறுகலான மேடை. பலகை முடியும் இடத்தில் நாடும் முடிந்துவிடும். அதற்குக் கீழே வெறும் பள்ளம். பின்பக்கம் இன்னொரு கதவு. அங்கே கீழிருந்து பேட்டரியும் சாமான்களும் ஏற்றி வரும் கம்பிப்பாதை. தடித்த கம்பியில் தொங்கும் ஒரு இரும்புப் பெட்டி. குடிலுக்குள் ஒரே அறை. நடுவில் கருவி. அதிலிருந்து வயர்கள் தரைக்குள் இறங்கி மலைக்குள் போயின.

மற்றவர்கள் சேறு அப்பிய பூட்ஸோடு திபுதிபுவென்று உள்ளே போனார்கள். எனக்குக் கால் எழவில்லை. சேற்றுக் காலோடு ஒரு அறைக்குள், அதுவும் கருவி வைத்திருக்கும் அறைக்குள் எப்படிப் போவது? யாரும் சொல்லிக் கொடுத்து வருவதல்ல இது. உடம்பு தானாகக் குனிந்துவிடும். கழற்றினேன். சாக்ஸைச் சுருட்டி உள்ளே செருகினேன். இரண்டையும் ஒட்ட வைத்து, வெளியே பார்க்கத் திருப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் செருப்பை அப்படித்தான் விடுவோம். கிளம்பும்போது திரும்பி நின்று தடுமாறாமல் அப்படியே மாட்டிக்கொண்டு போகலாம். அந்தக் குடிலில் வெளியே என்றால் பள்ளம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு அதற்கு அடியில் ஏதோ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டேன். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, அருமை என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுபடி வாங்கி மாட்டிக்கொண்டேன். வரையாடு என் தோளைத் தட்டி, மேலே முகடு வரை போய்த் திரும்பி இந்த வழியாகத்தான் வருவோம், இங்கேயே இருக்கிறாயா என்று கேட்டார். தலையாட்டினேன். போய்விட்டார்கள். அந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த நல்ல மத்தியானம் அது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்கதவைத் திறந்துகொண்டு கம்பிப்பாதைக்காரர் பேட்டரிகளைத் தூக்கி வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் மொழி எனக்குத் தெரியாது. எங்களுக்குள் நல்ல ஒற்றுமை ஏற்பட்டது. என் காலைப் பார்த்தார். கொப்புளத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு வெளியே இருந்த பெட்டியைச் சுட்டிக்காட்டினார்.

ஆள் ஏறக்கூடாது என்று பெட்டியில் படமே வரைந்திருந்தது: ஒரு மனிதன், அவன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அந்தப் படத்தில் இருந்தவன் என்னைவிடப் பருமன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பையில் அம்மா திணித்து வைத்த ரப்பர் செருப்பு இருந்தது. அதை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் இறங்கி, அடியில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். போய்விட்டேன் என்று பேராசிரியரிடம் அவர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். நான் ஏற்கெனவே சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கைஜாடையில் பேசினால் இப்படித்தான். ஒவ்வொருவரும் தமக்கு வசதியானதைப் புரிந்துகொள்வார்கள். பேசினாலும் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

பாதி வழியில் பூட்ஸ் ஞாபகம் வந்தது. போகட்டும், யாராவது எடுத்து வருவார்கள் என்று விட்டுவிட்டேன். கல்யாண மண்டப வாசல்களில் எத்தனையோ ஜோடிகளைப் பறிகொடுத்தவன் நான்.

என்னைக் கீழே இறக்கிவிட்ட கையோடு கம்பிப்பாதைக்காரர் மேலிருந்தே மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. குளிரில் என் கைபேசி உயிரை விட்டிருந்தது. விடுதியில் இருப்பதிலேயே கதகதப்பான இடம் அடித்தளத்தில் இருந்த துணி துவைக்கும் அறை. அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, மலையில் கேட்ட சத்தத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு சட்டைக் கை மேலே வரும், கீழே போகும். நான் நிம்மதியாக இருந்தேன். இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு யாருமே நம்பவில்லை.

அந்த நேரத்தில் மேலே வரையாடு திரும்பி வந்திருந்தார். குடிலில் ஆள் இல்லை. முன்வாசலில், பலகையின் ஓரத்தில், ஒரு ஜோடி பூட்ஸ். ஒட்ட வைத்து, சாக்ஸ் சுருட்டி, பள்ளத்தைப் பார்த்தபடி. இந்தப் பையனை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசகர் காலையில்தான் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாராம்.

மற்றதை ரேடியோ அக்கா சொன்னபடி சொல்கிறேன். ஹெலிகாப்டர், ஒன்றோ இரண்டோ. நாய்கள். கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கியவர்கள். விடுதி வாசலில் காவல்துறை வண்டி. அழுதுகொண்டிருந்த என் வகுப்புத் தோழர்கள். அதில் பாதிப்பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. அக்காவும் அழுதாளா என்று கேட்டதற்கு இதுவரை நேரான பதில் இல்லை. அழுத முகத்தைக் கழுவ நல்ல துண்டு இல்லை என்று, காயப்போட்ட துண்டை எடுக்க அவள் கீழே வந்தாள்.

கதவருகே நின்று என்னைப் பார்த்தாள். அவள் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அப்போதுதான்.

"டேய்" என்றாள் கடைசியில். "நீ செத்துட்டேன்னு மேல ஹெலிகாப்டர் சுத்துது."

நான் இயந்திரத்தைப் பார்த்தேன். "இன்னும் அலசல் முடியல" என்றேன்.

"அலசல் முடியலையா? இரு, நான் அலசுறேன் உன்னை."

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். காவல்துறை, பேராசிரியர், ஆலோசகர், எல்லாருக்கும் முன்னால் காதோடு நிறுத்தினாள். கேள்வி ஒன்றுதான்: பூட்ஸ் இல்லாமல் எப்படிக் கீழே வந்தாய்?

பெட்டி மேல் இருந்த சிவப்புக் குறி கண்முன் வந்தது. உண்மையைச் சொன்னால் கம்பிப்பாதைக்காரருக்கு நாளைக்கு வேலை இருக்காது. "செருப்பில்" என்றேன். பொய் இல்லை. பெட்டிக்குள் செருப்போடுதான் இருந்தேன்.

வரையாடு குனிந்து என் ரப்பர் செருப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் பக்தி தெரிந்தது. அந்தச் சரிவில் அதைப் போட்டுக்கொண்டு யாரும் இறங்கியதில்லையாம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்து நிற்கும் நான், அன்று மாலையிலிருந்து அந்தத் துறையில் ஒரு மலையேறும் மேதை. நான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் பேச வேண்டும்.

ஆலோசகர் மட்டும் மயங்கவில்லை. "ஷூவை ஏன் அப்படி வெச்சீங்க? எதுக்கு யார்கிட்டயும் சொல்லாம வந்தீங்க? என்ன மறைக்கிறீங்க?" என்று கேட்டார். ஒன்றை நான் மறைப்பது உண்மைதான். அது அவர் தேடியது இல்லை. அந்த வாரத்துக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். என் வீட்டாரிடம் பேசாமல் அனுமதி தருவதற்கில்லை என்றார். நான் மொழிபெயர்த்தால் சரிப்படாது என்பதால் ரேடியோ அக்காவைக் கூட்டி வந்து உட்காரவைத்தார். என் எதிர்காலம் இப்போது என் அத்தையின் வாயிலும் ரேடியோ அக்காவின் வாயிலும் இருந்தது.

கைபேசித் திரையில் அம்மா தெரிந்தாள். வெளிநாட்டுக் கல்லூரி பேசுகிறது என்று பட்டுப்புடவையில் இருந்தாள். பக்கத்தில் பாதி அத்தை. பின்னால் சித்தப்பா, சித்தி, யாரென்று அடையாளம் தெரியாத சில தோள்கள்.

"நீ யாரும்மா?" என்றாள் அம்மா.

"நான் இவன் இருக்கிற மாடிதாம்மா."

"மாடின்னா? ஒரே வீடா?" பாதி அத்தை முழு அத்தையாகத் திரைக்குள் வந்தாள்.

"தனித்தனி ரூம், அத்தை."

"வாய் நிறைய அத்தைன்னு கூப்பிடுது பாரு" என்று அத்தை பின்னால் திரும்பி எல்லாருக்கும் அறிவித்தாள். தோள்கள் மகிழ்ச்சியில் அசைந்தன.

ஆலோசகர் என்ன என்று கேட்டார். "வணக்கம் சொல்றாங்க" என்றாள் அக்கா.

முதல் கேள்வி: சின்ன வயதிலிருந்தே இவன் மனதில் இருப்பதைச் சொல்வதில்லையா?

"மனசுல இருக்கிறதை யாருதான் சொல்றா?" என்றாள் அம்மா.

"பொறந்தப்பவே அழலை இவன்" என்றாள் அத்தை. "டாக்டரே பயந்துட்டார். தலைகீழாப் பிடிச்சு முதுகுல ரெண்டு வெச்சப்புறம்தான் லேசா ஒரு முனகல்."

"அத்தை, கொஞ்சம் அடக்கி வாசிங்க. இவங்க எழுதிக்கிறாங்க" என்றாள் ரேடியோ அக்கா. அந்த வாயிலிருந்து இப்படி ஒரு அறிவுரை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு பூட்ஸ். நடந்ததை அக்கா விளக்கமாகச் சொன்னாள். ஹெலிகாப்டரை மட்டும் சொல்லவில்லை. அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஷூவை வாசல்ல கழட்டி விட்டுட்டு உள்ள போயிருக்கான். அதானே?"

"ஆமாம்மா."

"பின்ன, ஷூவோட உள்ள போகணுமா? அப்படிப் போயிருந்தா நான் வருத்தப்பட்டிருப்பேன்."

"அது இல்லம்மா. வெளியே பார்த்து வெச்சிருக்கான். அதுல ஏதோ அர்த்தம் இருக்குன்னு இவங்க நினைக்கிறாங்க."

அம்மாவுக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. எழுந்தாள். திரை குலுங்கியது. கூடத்து மின்விசிறி, சுவர்க் கடிகாரம், சித்தப்பாவின் வயிறு எல்லாம் தலைகீழாக ஓடி, கடைசியில் வாசலில் வந்து நின்றது. படிக்கு வெளியே செருப்புகள். அம்மாவுடையது, அத்தையுடையது, சித்தி, சித்தப்பா, வந்திருந்த தோள்கள் அத்தனை பேருடையதும். வரிசையாக, ஜோடி ஜோடியாக, எல்லாம் தெருவைப் பார்த்தபடி.

"காட்டும்மா, நல்லாப் பாக்கச் சொல்லு அவங்களை" என்றது அம்மாவின் குரல்.

ஆலோசகர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இவங்க கணக்குப்படி பார்த்தா" என்றாள் ரேடியோ அக்கா நம் மொழியில் என்னிடம், "உங்க வீட்ல மொத்தப் பேரும் தெருவுல குதிச்சிருக்கணும்." பிறகு அதையே ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள். ஆலோசகரின் வாயோரம் லேசாக அசைந்தது. அடக்கிக்கொண்டார்.

பூட்ஸ் தீர்ந்தது. ஆனால் நான் தீரவில்லை. "சரி, ஷூ புரியுது" என்றார் அவர். "இவர் வாயே திறக்கிறதில்லையே. மலைமேல ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட சொல்லுவார்? யார்கிட்டயாவது பேசுவாரா?"

அம்மா யோசித்தாள். "அவங்கப்பாகிட்ட பேசுவான்" என்றாள். அத்தை சிரித்துவிட்டாள்.

அப்பா அப்போதுதான் கடையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றும் கால்கள் முதலில் தெரிந்தன. அப்பாவுக்கு மைக் செட் கடை. கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு எதுவானாலும் கம்பத்தில் குழாய் கட்டி ஊரையே அலற வைப்பவர். ஊரை அலறவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அம்மா கைபேசியை அவருக்கு எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அவர் இளைத்திருந்தார். நானும் இளைத்திருப்பேன், அவர் பார்வை என் கழுத்தெலும்பில் நின்றது. பிறகு எனக்குப் பின்னால் இருந்த கடற்கரைப் படத்துக்குப் போய், என்னிடம் திரும்பி வந்தது. நான் அவர் கையில் இருந்த புதுக் காயத்தைப் பார்த்தேன். ஏணியில் கீறியிருக்கும். அவர் கையைத் திருப்பி வைத்துக்கொண்டார். நேரம் போயிற்று. ஆலோசகர் திரையை உற்றுப் பார்த்தார்.

"லைன் கட் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம்" என்றாள் ரேடியோ அக்கா, குரலைத் தாழ்த்தி. "பேசிக்கிட்டிருக்காங்க."

இன்னும் கொஞ்சம் போன பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"மலைச் சத்தம் கேட்டியா?"

"கேட்டேன்."

"இரைச்சல் இருக்கா?"

"இருக்கு. எர்த் சரியாக் குடுக்கலை போல. அதைத் தள்ளிட்டுத்தான் கேக்கணும்."

அப்பா தலையாட்டினார். "எப்படி இருந்துச்சு?"

அதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை. உனக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். மலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை.

"யாரோ மரப்படில ஏறுற மாதிரி இருக்குப்பா" என்றேன். "ஒரு படி ஏறி நின்னுடறாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. போயிட்டாங்கன்னு நினைப்போம். அப்புறம் இன்னொரு படி. மூச்சுக்கூட கேக்குற மாதிரி இருக்கு. ஆனா அது மூச்சு இல்ல, கல்லுக்குக் கல்லு உரசுறது. ஒரு தடவை ரெண்டு படி சேர்ந்து கேட்டுச்சு. நான் மட்டும்தான் இருந்தேன் அப்ப. யாரும் கேக்கலை."

ரேடியோ அக்கா ஆலோசகரின் காதருகே மெல்ல மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை.

அப்பா அந்தப் படியை யோசித்தார். "ஏறி வர்றாங்களா, இறங்கிப் போறாங்களா?"

"தெரியலைப்பா. அது தெரியணும்னா நான் இங்க இருக்கணும்."

இங்கே இருக்க வேண்டும் என்று நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆலோசகரிடமும் சொல்லவில்லை. அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"அப்ப இரு" என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

ஆலோசகர் அனுமதி தந்தார். குடும்ப வழி என்று காரணம் எழுதினார். மூக்கு, முடி மாதிரி இதுவும் பரம்பரையாக வருவதாம். ஆனால் ஒரு நிபந்தனை. மலைக்கு நான் தனியாகப் போகக்கூடாது. என்னோடு எப்போதும் ஒருவர் போக வேண்டும். அவரிடம் நான் அவ்வப்போது வாய் திறந்து, முழு வாக்கியத்தில், நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என் மொழியே தெரிந்த, அன்பான ஒருவர் கிடைத்திருக்கும்போது வேறு யாரையும் தேட வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார். ரேடியோ அக்காவின் பனிப்பாறையும் அதே பக்கம்தான் இருந்தது.

அப்படித்தான், பேசாமல் உட்கார்ந்து கேட்பதற்காகக் கடல் கடந்து போன நான், ரேடியோ அக்காவின் துணையோடு மலைமேல் அமைதியாக இருக்கும் உரிமையைப் பெற்றேன். குடிலில் நான் ஹெட்போன் மாட்டியிருக்கும்போது அக்கா பேசமாட்டாள். அது அவளாகப் போட்டுக்கொண்ட விதி. கழற்றியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். முதல் வாரத்தில் ஹெட்போனை அதிகமாக மாட்டியிருந்தேன். பிறகு, ஏனோ, அவ்வளவு தேவைப்படவில்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. கம்பிப்பாதைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். அதனால்தான் அந்தப் பெட்டியைப் பற்றி இப்போது எழுதுகிறேன். வரையாட்டுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று. சமவெளியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆலோசகர் அந்த வேலையை விட்டுவிட்டு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். ரேடியோ அக்கா ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பெண்கள். அத்தை போன வருடம் இறந்துவிட்டாள். அம்மா ஒருமுறை வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போனாள். அப்பா கடையைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். அந்தச் சரிவு ஒரு மழைக்காலத்தில் இறங்கியது. கீழே இருந்தவர்களை முன்பே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் படிப்பை முடித்து அதே நாட்டில், வேறொரு மலைக்கு எதிரே இருக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.